சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்: இரைப்பையை அசைக்கும் மாத்திரைகள் உள்ளே செய்வது என்ன?

பிரிக்ஃபீல்ட்சிலோ பினாங்கு லெபு பசார் பக்கமோ ஒரு கிளினிக்குக்குப் போய் "டாக்டர், கேஸ்ட்ரிக்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வெளியே வரும்போது கையில் மூன்று நான்கு சின்ன பிளாஸ்டிக் பைகள் இருக்கும். ஒன்றில் அமிலத்தைக் குறைக்கும் காப்ஸ்யூல், ஒன்றில் மென்று தின்னும் வெள்ளை மாத்திரை, ஒன்றில் வயிற்றுப் பிடிப்புக்கான மாத்திரை. இன்னொன்றில் இரைப்பையை அசைக்கும் மாத்திரையான மேக்சலோனோ மோட்டிலியமோ இருக்கும். அந்தப் பையின் மேல் 'செபெலும் மாக்கான்', அதாவது சாப்பாட்டுக்கு முன் என்று குறித்திருக்கும். மற்றவற்றை ஏன் கொடுத்தார்கள் என்று ஓரளவு தெரியும். இந்தக் கடைசி மாத்திரையை மட்டும் பலர் 'காற்று மாத்திரை' என்றோ 'வாந்தி மாத்திரை' என்றோ நினைத்து, நினைவு வந்த நேரத்தில் விழுங்கிவிடுகிறார்கள்.

மலேசியத் தமிழில் கேஸ்ட்ரிக் என்பது ஒரு கூடை. நெஞ்செரிச்சல், புளியேப்பம், மேல்வயிற்று வலி, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, மதியம் சாப்பிட்டது இரவு வரை கல்லாய்க் கிடப்பது, குமட்டல், பொருமல் எல்லாம் அதற்குள்தான். மருத்துவத்தில் இவை ஒன்றல்ல. சில அமிலம் சார்ந்தவை, சில அசைவு சார்ந்தவை, சில நரம்புகள் அளவுக்கு மீறி உணர்வதால் வருபவை. அசைவு மருந்துகள் நடு வகைக்கானவை. அமிலத்தை அவை ஒரு துளிகூடக் குறைப்பதில்லை.

இரைப்பையை ஒரே பையாக எண்ணாமல் இரண்டு இயந்திரங்களாகப் பார்த்தால் இந்த மருந்துகள் எளிதில் புரியும். மேல் பாதி ஒரு கிடங்கு. சாப்பிடத் தொடங்கியதும் தளர்ந்து விரிந்து, உள்ளே அழுத்தம் ஏறாமல் இடம் கொடுக்கும். கீழ் பாதி ஆட்டுக்கல். கெட்டியான தசைச் சுவர், கடைசியில் பைலோரஸ் என்ற குறுகிய வாயில். நடு உடலில் பெரிய வளைவின் ஓரத்தில் தாளம் போடும் அணுக்கள் உள்ளன. கண்டறிந்த ஸ்பானிய அறிஞரின் பெயரால் அவற்றைக் கஹால் அணுக்கள் என்பார்கள். நிமிடத்துக்கு 3 மின் அலைகளை அவை ஓயாமல் எழுப்புகின்றன. ஒவ்வோர் அலையும் கீழ்நோக்கி நகர்ந்து பைலோரஸை அடைகிறது.

மின் அலை வந்துவிட்டது என்பதற்காகத் தசை சுருங்கிவிடாது. சுவருக்குள் இருக்கும் நரம்புகள் அந்த நேரம் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்தால்தான் அலை பலமான சுருக்கமாக மாறும். சுரப்பு குறைந்தால் அலை வந்து சும்மா போய்விடும். அசைவு மருந்துகள் அனைத்துக்கும் வேர் இந்த இடம்தான். மிகப் பெரும்பாலானவை தாளத்தை மாற்றுவதில்லை. 3 என்பது 3 ஆகவே இருக்கும். அந்த மூன்றில் எத்தனை அலை பலத்தோடு வரும் என்பதைத்தான் மாற்றுகின்றன. தாளமே குலைந்திருந்தால், அல்லது கஹால் அணுக்களே அழிந்துவிட்டிருந்தால், மருந்தால் உயர்த்த அங்கே அதிகம் ஒன்றும் இருக்காது. நீண்ட நாள் நீரிழிவுக்காரர் சிலரிடம் மாத்திரை தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கம் வரும்போது உணவு நேராகக் குடலுக்குள் போய்விடுவதும் இல்லை. அலை நெருங்கும் நேரத்தில் பைலோரஸ் இறுகிவிடுகிறது. நீரும் மிக நுண்ணிய துகளும் மட்டும் நழுவிச் செல்ல, மீதி பின்னோக்கி வீசப்பட்டு மறுபடி அரைபடுகிறது. 2 மில்லிமீட்டருக்கும் சிறிதாக நொறுங்கும் வரை இது தொடரும். அதனால் தண்ணீர் கால் மணி நேரத்தில் பாதி வெளியேறிவிட, கெட்டி உணவு முதல் அரை மணி நேரம் அசையாமல் இருந்து, பிறகே ஒரே சீராகப் போகத் தொடங்கும்.

எவ்வளவு வேகத்தில் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது இரைப்பை அல்ல, அடுத்திருக்கும் முன்சிறுகுடல். கொழுப்பும் சர்க்கரையும் அங்கே பட்டவுடன் கோலிசிஸ்டோகைனின் போன்ற ஹார்மோன்களைச் சுரந்து 'மெதுவாக அனுப்பு' என்று மேலே சொல்லிவிடும். சத்துள்ள உணவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 4 கலோரி என்ற அளவில்தான் இறக்கப்படுகிறது. கோழி வறுவலுடன் ஒரு தட்டு நாசி லெமாக்கை 600 கலோரி என்று வைத்து, நிமிடத்துக்கு 2.5 கலோரி என்று வகுத்துப் பாருங்கள். 240 நிமிடம், நான்கு மணி நேரம். தேங்காய்ப் பாலும் எண்ணெயில் வதக்கிய சம்பாலும் சேர்ந்த உணவு, எந்தக் கோளாறும் இல்லாத வயிற்றிலேயே அவ்வளவு நேரம் இருக்கும். இரவு 11 மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துப் படுத்தவருக்கு விடியற்காலையில் எதுக்களித்தால், அதைச் 'செரிமானக் கோளாறு' என்பதைவிடக் கணக்கு என்பதே சரி.

வெறும் வயிற்றில் நடப்பது வேறு கதை. உணவு போய் முடிந்த பிறகு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மோட்டிலின் என்ற ஹார்மோன் ஏறும் நேரத்தில், இரைப்பையிலிருந்து சிறுகுடல் வரை பலமான அலைத் தொகுதி ஒன்று துடைத்துக்கொண்டு போகும். அதன் உச்சக் கட்டம் 5 முதல் 10 நிமிடம். அரைபடாத நார், விதை, தோல் எல்லாம் அப்போதுதான் பைலோரஸைத் தாண்டும். தைப்பூச விரதத்தில் வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்தத் துடைப்புதான், கேஸ்ட்ரிக் இல்லை. மணிக்கொரு முறை எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் இந்தத் துடைப்பு தொடங்கவே வழியிருக்காது.

மருந்துகளுக்கு வருவோம். அசிட்டைல்கோலினை உயர்த்த வழிகள் சில. டோப்பமின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் பிரேக் போலச் செயல்பட்டு சுரப்பை அடக்குகிறது. அதன் இரண்டாம் வகை ஏற்பியை, அதாவது அது வந்து பொருந்தும் இடத்தை, அடைத்தால் பிரேக் விடுபடும். டோம்பெரிடோன் செய்வது இது. செரோட்டோனினின் நான்காம் வகை ஏற்பியைத் தூண்டினால் சுரப்பு நேரடியாகக் கூடும். புருகலோப்ரைடு இந்த வகை. மெட்டோக்ளோப்ரமைடு இரண்டையும் செய்யும். சுரந்ததைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பது இன்னொரு வழி. ஜப்பானில் 2013இல் அனுமதி பெற்ற அகோட்டியமைடும், பகுதியளவில் இட்டோப்ரைடும் அப்படி. மோட்டிலின் ஏற்பியை ஏமாற்றுவது கடைசி வழி. எரித்ரோமைசின் என்ற பழைய ஆன்டிபயாட்டிக் தற்செயலாக அதைச் செய்கிறது.

இவற்றில் எதுவும் உணவைக் கையால் தள்ளுவது போலத் தள்ளுவதில்லை. இருக்கிற நரம்பு பேசுவதைக் கொஞ்சம் உரக்கப் பேச வைக்கின்றன. குடலில் அடைப்பு இருந்தால் எதிர்ப்பக்கம் போக வழியில்லாமல் சுவர் மட்டும் இறுகும். அதனால் அடைப்பு, துளை, உள்ளே இரத்தக்கசிவு என்று சந்தேகம் இருக்கும்போது வாந்தியை நிறுத்த மெட்டோக்ளோப்ரமைடோ டோம்பெரிடோனோ கொடுக்கக் கூடாது.

மெட்டோக்ளோப்ரமைடு, மேக்சலோன் என்ற பெயரில் இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது, 1964இல் பிரான்சில் வந்தது. 10 மி.கி. மாத்திரை, சாப்பாட்டுக்கு முன், நாளுக்கு மூன்று வேளை என்பது வழக்கம். உணவுக்குழாயின் கீழ்வாயிலை இறுக்கும், இரைப்பையின் கீழ் பாதியை வலுப்படுத்தும், பைலோரஸும் முன்சிறுகுடலும் அதோடு ஒத்துப்போகும்படி செய்யும். பெருங்குடலில் அதற்குப் பெரிய விளைவு இல்லை. மலச்சிக்கலுக்கு இதைக் கேட்பது வீண்.

அதன் சிக்கல், மூளைக்குள்ளும் நுழைவது. அங்கேயும் டோப்பமினை அடைக்கிறது. முதல் ஓரிரு நாளிலேயே சிலருக்கு, குறிப்பாகச் சிறுவர்களுக்கும் இளம் பெண்களுக்கும், கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை பூட்டிக்கொள்ளும். நினைவு தெளிவாகவே இருக்கும். வீட்டில் பார்ப்பவர்கள் இழுப்பு என்று பதறுவார்கள், சில வீடுகளில் வேறு காரணமும் சொல்வார்கள். அவசரப் பிரிவில் ஓர் ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடத்தில் விட்டுவிடும். அங்கே சொல்ல வேண்டிய முதல் தகவல், நேற்று எந்த வாந்தி மாத்திரை சாப்பிட்டார் என்பது. இன்னொரு விளைவு அவ்வளவு கண்ணுக்குப் படாதது: உட்கார முடியாமை. காலை ஆட்டிக்கொண்டே, எழுந்து நடந்துகொண்டே, ஏதோ தாங்க முடியாத தவிப்பு. இதைப் பதற்றம் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு மாத்திரை சேர்த்துவிடுவது நடக்கிற தவறு. நரம்பில் வேகமாக ஏற்றினால் இது அதிகம். அதனால்தான் ஊசியை மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகச் செலுத்தச் சொல்கிறார்கள்.

மாதக் கணக்கில் சாப்பிட்டால் வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. உதடு சப்புவது, நாக்கு நெளிவது, முகம் தானாக அசைவது. மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு அது போவதில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் இதற்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை, அதாவது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, வைத்து, 12 வாரத்துக்கு மேல் தவிர்க்கச் சொன்னது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் இன்னும் கறாராக, 5 நாள், நாளுக்கு 30 மி.கி. என்று எல்லை போட்டது. பழைய கிளினிக் அட்டையைக் காட்டி வருடக் கணக்கில் திரும்பத் திரும்ப அதே பையை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய எண்கள் இவை. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு இந்த மருந்தே கூடாது.

டோம்பெரிடோன், அதாவது மோட்டிலியம், இந்த மூளைப் பிரச்சினையைத் தாண்டப் பிறந்தது. மூளைக்குள் அநேகமாக நுழையாது. ஆனால் வாந்தியைத் தூண்டும் மையம் மூளையின் காவலுக்கு வெளியே இருப்பதால் அங்கே மட்டும் வேலை செய்யும். பார்க்கின்சன் நோயாளிக்குக் குமட்டல் வந்தால் பெரும்பாலும் இதைத்தான் நாடுவார்கள். பால்சுரப்புக்கான புரோலாக்டினை உயர்த்தும் குணமும் இதற்கு உண்டு. குழந்தை பெறாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிந்தால், மாதவிடாய் தள்ளிப்போனால், ஆணுக்கு மார்பு புடைத்தால், பெரிய பரிசோதனைக்கு முன் மருந்துப் பட்டியலைப் பார்ப்பது நல்லது.

இதன் சிக்கல் இதயத்தில். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை மின்னழுத்தத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தை இ.சி.ஜி.யில் கியூ-டி இடைவெளி என்று அளப்பார்கள். டோம்பெரிடோன் அதை நீட்டுகிறது. மிக நீண்டால் உயிருக்கே ஆபத்தான தாளக்கேடு வரலாம். இதே குணத்தால்தான் சிசாப்ரைடு என்ற புகழ்பெற்ற மருந்து 2000இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இரைப்பைக்கு அது நன்றாகவே வேலை செய்தது என்பதுதான் சோகம். டோம்பெரிடோனுக்கு ஐரோப்பா 2014இல் வைத்த எல்லை: 10 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் மூன்று வேளை, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அது பயன் தரவில்லை என்று கண்டு பிரிட்டன் 2019இல் அந்தப் பயன்பாட்டையே நிறுத்தியது.

இதில் ஒரு முரண். நான்கு நாள் வாந்தியெடுத்தவருக்குத்தான் வாந்தி மாத்திரை கொடுப்போம். நான்கு நாள் வாந்தியில் உடலின் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும். அவை இறங்கிய உடலில்தான் கியூ-டி இன்னும் எளிதாக நீளும். ஆகவே நீண்ட வாந்திக்குப் பிறகு இந்த மருந்தைத் தொடங்கும் முன் இரத்த உப்பும் ஓர் இ.சி.ஜி.யும் பார்ப்பது வீண் செலவல்ல. கியூ-டி ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 470 மில்லிவினாடியைத் தாண்டினால் தொடங்காமல் இருப்பதே வழக்கம்.

கலவைகள்தான் உண்மையில் அதிகம் கெடுக்கின்றன. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்பது இங்குள்ள ஆய்வுகளில் பல முறை உறுதியானது. ஆகவே நம்மவர் பலர் ஒரு கட்டத்தில் கிருமி ஒழிக்கும் மாத்திரைத் தொகுப்பைச் சாப்பிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் இருக்கும். அது குமட்டும். குமட்டலுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் மோட்டிலியத்தை எடுத்துப் போடுவார்கள். கிளாரித்ரோமைசின், டோம்பெரிடோனை உடைக்கும் கல்லீரல் நொதியை முடக்கி இரத்தத்தில் அதன் அளவை ஏற்றுகிறது. தானும் கியூ-டியை நீட்டுகிறது. இந்த ஜோடி தடை செய்யப்பட்ட ஜோடி. கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளோடும் அப்படியே.

அடுத்தது புஸ்கோபான். வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுப்பது. அது அசிட்டைல்கோலினை அடைக்கிறது. அசைவு மாத்திரை அதே அசிட்டைல்கோலினைக் கூட்டப் பார்க்கிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் விழுங்குவது ஒருவர் கதவைத் திறக்க இன்னொருவர் சாத்துவது போல. நான்கு பைகளில் இரண்டு ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டிருப்பது அபூர்வம் அல்ல. டிராமடோல் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இரைப்பையைத் தூங்க வைப்பவை. கேஸ்ட்ரிக் எப்போது தொடங்கியது என்று கேட்கும்போது முதுகு வலிக்கு மாத்திரை எப்போது தொடங்கியது என்றும் கேட்டால், சில நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அமில மருந்தோடு சேர்ப்பதிலும் கவனம் வேண்டும். டோம்பெரிடோன் கரைவதற்கு இரைப்பையில் அமிலம் தேவை. ஈனோ போன்ற சோடா உப்பையோ, ஆன்டாசிட் திரவத்தையோ முதலில் குடித்துவிட்டு அதன் மேல் இந்த மாத்திரையைப் போட்டால் உறிஞ்சப்படுவது குறையும். முறை எளிது: அசைவு மாத்திரை சாப்பாட்டுக்கு 15 முதல் 30 நிமிடம் முன், ஆன்டாசிட் சாப்பாட்டுக்குப் பின். மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை முதல் ஒரு மணி நேரம் ஆகும். முதல் வாய் உள்ளே போகும்போது அது தயாராக இருக்க வேண்டும் என்பதே 'செபெலும் மாக்கான்' என்ற குறிப்பின் பொருள். நாசி கண்டார் முடித்து, வயிறு கனத்த பிறகு போடும் மாத்திரை, அந்த நாசி கண்டாருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கும்.

இரைப்பை மிகவும் மந்தமானவர்களுக்கு வெறும் வயிற்றில் போட்டாலும் இதே கதிதான். மருந்து உறிஞ்சப்படுவது சிறுகுடலில். அங்கே போய்ச் சேர இரைப்பை அசைய வேண்டும். அசையவில்லை என்றுதான் மருந்தே. அதனால் இவர்களுக்குத் திரவ வடிவம் மாத்திரையைவிட நம்பகமானது. கடுமையான நிலையில் ஊசிதான் வழி.

இரைப்பை வாதம் என்று சொல்லப்படும் நிலை, அடைப்பு எதுவும் இல்லாமலே உணவு இறங்கத் தாமதிப்பது, மலேசிய இந்தியர்களுக்கு அக்கறைக்குரியது. காரணம் நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். நோய் பத்தாண்டைத் தாண்டி, கண்ணிலோ சிறுநீரகத்திலோ பாத நரம்பிலோ கைவைத்தவர்களிடம் இரைப்பை நரம்பும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதே ஆளுக்குத்தான் மெட்டோக்ளோப்ரமைடு அளவைச் சிறுநீரகத்துக்காகக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்சுலின் போடுபவருக்கு இதன் முதல் அறிகுறி வயிற்றில் தெரியாமல் சர்க்கரைக் கணக்கில் தெரியலாம். சாப்பிடும் முன் ஊசி போட்டு, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டும். மூன்று நான்கு மணி நேரம் கழித்து எதுவும் சாப்பிடாமலே 15, 16 மில்லிமோல் என்று ஏறும். இன்சுலின் நேரத்துக்கு வந்துவிட்டது, உணவுதான் வரவில்லை. இவருக்கு அசைவு மருந்து தொடங்கினால் உணவு முன்னதாக இறங்கும், இன்சுலின் நேரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும். முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி, மூன்று மணி என்று இரு முறை சோதித்து எழுதி வைப்பது பயன் தரும். சர்க்கரை ஏறியிருப்பதே இரைப்பையை மந்தமாக்கும் என்பது இன்னொரு சுழல். அந்த நேரத்தில் எரித்ரோமைசினின் விளைவுகூட மங்கிவிடுகிறது. மாத்திரையை மாற்றும் முன் சர்க்கரையை இறக்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எடை குறைய ஓசெம்பிக் ஊசி போடுபவர்கள் கூடிவருகிறார்கள். அதிலுள்ள செமாக்ளூட்டைடு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பசி அடங்குவதில் அதற்கும் பங்குண்டு. அதைப் போட்டுக்கொண்டே 'வயிறு கனம்' என்று மோட்டிலியம் கேட்பது, ஒரு மருந்தின் விளைவை இன்னொரு மருந்தால் துரத்துவது. ஊசியின் அளவை மெதுவாக ஏற்றுவதும் தட்டைச் சிறிதாக்குவதும் அதைவிட நேர்வழி. அறுவை சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போகும்போது இந்த ஊசியை மறைக்கவே கூடாது. பட்டினி கிடந்தும் இரைப்பையில் உணவு மிச்சமிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு.

முன்பு சொன்ன அந்த ஆன்டிபயாட்டிக், எரித்ரோமைசினுக்கு வருவோம். 250 மி.கி. அளவுக்கு வந்தால் இரைப்பையின் கீழ் பாதியை முரட்டுத்தனமாகச் சுருக்கும். அதைவிட மிகக் குறைந்த அளவில், வெறும் வயிற்றுத் துடைப்பு அலையைப் போன்ற ஒன்றை எழுப்பும். சிக்கல் என்னவென்றால், மோட்டிலின் ஏற்பி சில நாட்களிலேயே பழகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வேலை மங்கும். அரசு கிளினிக்கில் கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் வாங்கும் நீரிழிவுக்காரர் பலர். எரித்ரோமைசினோடு அது சேரக் கூடாது, தசை சிதையலாம். இந்த மருந்து உண்மையில் மின்னுவது வேறோர் இடத்தில். இரைப்பையில் இரத்தம் கசிந்து வருபவருக்கு எண்டோஸ்கோப்பிக்கு அரை முதல் ஒன்றரை மணி நேரம் முன் நரம்பில் ஒரே ஒரு முறை ஏற்றினால், உறைந்த இரத்தம் கீழே இறங்கி, கசியும் இடம் மருத்துவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு முறை என்பதால் பழகிப்போகும் பிரச்சினையும் இல்லை. கசிவு இருக்கும்போது அசைவு மருந்து கூடாது என்ற விதிக்கு மருத்துவமனைக்குள் உள்ள விலக்கு இது.

இட்டோப்ரைடு 50 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. கியூ-டி தொல்லை இதில் இல்லை, மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. ஆனால் தொடக்க ஆய்வு ஒன்று 2006இல் நம்பிக்கை தந்த பிறகு, பெரிய ஆய்வுகளில் மருந்தில்லாத வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை. புருகலோப்ரைடு 1 அல்லது 2 மி.கி., நாளுக்கு ஒரு முறை, முதலில் நாள்பட்ட மலச்சிக்கலுக்கு வந்தது. இரைப்பையையும் வேகப்படுத்துகிறது. மலச்சிக்கலும் மந்தமும் சேர்ந்தவருக்குப் பொருத்தம், வயிற்றுப்போக்கு இருப்பவருக்கு அல்ல.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போக முடியாது. இரைப்பை எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதும் ஆள் எவ்வளவு அவதிப்படுகிறார் என்பதும் தளர்வாகத்தான் ஒத்துப்போகின்றன. வேகம் கூடியும் நிம்மதி வராதவர் உண்டு. நாலு வாயில் வயிறு நிறைபவருக்குக் கோளாறு பல நேரம் ஆட்டுக்கல்லில் இல்லை, மேலே கிடங்கில். அது விரிய மறுக்கிறது. ஆட்டுக்கல்லை வேகமாகச் சுற்றினால் கிடங்கு பெரிதாகிவிடாது. இஞ்சிக்கும் இதே கதை. 1.2 கிராம் இஞ்சிப் பொடி செரியாமைக்காரர் 11 பேரிடம் இரைப்பையை விரைவுபடுத்தியது, அவர்களின் தொல்லையோ குறையவில்லை. சுக்குக் காப்பி குடிப்பதில் கெடுதல் இல்லை, அதைச் சிகிச்சை என்று சொல்லத்தான் இடமில்லை.

ஆகவே மாதக் கணக்கில் மருந்து தேவைப்படும் நிலை வந்தால், முதலில் எண்டோஸ்கோப்பியில் அடைப்பும் புண்ணும் இல்லை என்று உறுதிசெய்து, பிறகு அளந்து பார்ப்பதே நியாயம். நிலையான சோதனை இப்படி: முட்டை வெள்ளைக்கரு, ஜாம் தடவிய ரொட்டி, தண்ணீர், மொத்தம் 255 கலோரி. முட்டையில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு கலந்திருப்பார்கள். 2 மணி நேரத்தில் 60 விழுக்காட்டுக்கு மேலோ, 4 மணி நேரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேலோ மிச்சமிருந்தால் தாமதம். ஒன்றரை மணி நேரத்தில் படத்தை முடித்து அனுப்பினால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை, 4 மணி நேரமும் இருக்க வேண்டும். அசைவு மருந்து, புஸ்கோபான், வலி மாத்திரை எல்லாவற்றையும் மருத்துவர் சொல்படி 2, 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அன்று காலை சர்க்கரை 15ஐத் தாண்டியிருந்தால் சோதனையைத் தள்ளிவைப்பது நல்லது. முட்டை சாப்பிடாத சைவர்கள் தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். இந்த எண்கள் அந்த ஒரு தட்டுக்கான எண்கள், இட்லிக்கு மாற்றிக் கொடுத்தால் அவை பொருந்தாது.

தாமதம் உறுதியானவருக்கு மருந்தைவிட முன்னால் நிற்பது தட்டு. ஆட்டுக்கல் பழுது என்றால் அரைத்ததையே உள்ளே அனுப்பலாம். கஞ்சி, இடியாப்பம், மசித்த பருப்பு, தோலுரித்து வேகவைத்த காய், முள் நீக்கி உதிர்த்த மீன். மூன்று பெரிய வேளையை ஐந்து ஆறு சின்ன வேளையாக்குவது, எண்ணெயையும் தேங்காய்ப் பாலையும் குறைப்பது, கொழுப்பு வேண்டுமென்றால் திரவமாக எடுப்பது, படுக்கும் முன் மூன்று மணி நேரம் விடுவது. முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, ஆரஞ்சின் வெள்ளை நார், குறிப்பாகப் பெர்சிமன் பழம், இவற்றைத் தவிர்க்க வேண்டும். துடைப்பு அலை பலவீனமான இரைப்பையில் இவை சேர்ந்து உருண்டையாகிக் கல்போல இறுகும். 'நார்ச்சத்து நல்லது' என்று கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவுரை இவருக்கு மட்டும் எதிர்மாறு.

மாத்திரை தொடங்கியவர் எத்தனை நாளுக்கு என்று முதல் நாளே கேட்டு, நிறுத்தும் தேதியைப் பையின் மேல் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தேதிக்குள் பலன் தெரியாவிட்டால் அளவை ஏற்றுவதால் பெரும்பாலும் பலன் கூடுவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். இதற்கிடையில் மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, முகமோ கழுத்தோ தானாக இழுத்தாலோ அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பையோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கறுப்பு மலம், காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கும்போது அடைப்பது, நேற்று சாப்பிட்டது இன்று வாந்தியில் வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோப்பி முதலில், மாத்திரை பிறகு.